எல்லாப் பட்டனுக்கும் ஒரே பெயர்

இன்று காலை செயலியின் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திறந்தால் முழுக்கப் பச்சை, எல்லாம் பாஸ். ஒரு சிவப்புக்கூட இல்லை. மற்றவர்களுக்கு அது சந்தோஷம். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. நீ செத்து இரண்டு வருஷம் ஆகிறது. இவர்கள் இன்னும் அதே வேலையைத்தான் செய்கிறார்கள்.

செயலிகளைச் சோதிக்கும் நம் வேலைக்குப் போகும் ரயிலில் நீ இரணியலில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பாய், நான் குழித்துறையில் ஏறுவேன். திருவனந்தபுரம் போய்ச் சேர்வதற்குள் ஒரு சண்டை உறுதி. திரையில் இருக்கும் ஒவ்வொரு பட்டனுக்கும் உள்ளே சில விவரங்கள் எழுதியிருக்கும்: தெரிகிறதா, அழுத்த முடியுமா, பெயர் என்ன. ப்ராப்பர்ட்டி என்போம். பட்டன்களைத் தானாகச் சோதிக்க நான் எழுதிய டெஸ்ட் ஸ்கிரிப்ட் முதல் இரண்டை மட்டும் வாசித்துவிட்டு 'பாஸ்' போட்டுவிடும். "ஏட்டி, தெரியுதான்னு கேட்ட, அழுத்தலாமான்னு கேட்ட. பேரு என்னன்னு கேட்டியா? எனக்குக் கண்ணு அதாக்கும்" என்றாய். பிறவியிலேயே பார்வை இல்லாத உனக்குக் கணினியின் குரல் வாசித்துச் சொல்வது அந்தப் பெயரைத்தான்.

அதையும் ஸ்கிரிப்டில் சேர்த்தேன். பெயர் காலியாக இருந்தால் சிவப்பு. மறுநாளே, அப்போது நாம் சோதித்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரிச் செயலியில் இருபத்திரண்டு பட்டன்கள் சிவந்தன. வெளியிட மூன்றே நாள் பாக்கி. செயலியை எழுதிய டெவலப்பர் என்ன செய்தான் தெரியுமா? இருபத்திரண்டுக்கும் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தைப் பெயராகப் போட்டான். இப்போது பெயர் காலியில்லை, ஸ்கிரிப்ட் பச்சை காட்டியது, நானும் ஒப்புதல் கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன்.

நீ ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டாய். எக்ஸ் பட்டன், எக்ஸ் பட்டன், எக்ஸ் பட்டன். டாக்டரைத் தேர்ந்தெடுப்பதும் எக்ஸ், அப்பாயின்ட்மென்டை ரத்து செய்வதும் எக்ஸ். கூட்டத்தில் எழுந்து, "இதை வெளியிடக் கூடாது" என்றாய். மேனேஜர், அவரும் நம் மார்த்தாண்டத்துக்காரர்தான், என்னைப் பார்த்து, "ஸ்கிரிப்ட் என்ன சொல்லுது?" என்றார்.

"பாஸ் சார்" என்றேன். சீ! உன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். காரியத்தைக் கெடுக்கிறவள் என்று உன்னைப் பேசினார்கள். அடுத்த மாதம் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

அன்று திரும்பும் ரயிலில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். குழித்துறையில் நான் இறங்க எழுந்தபோதுதான் வாயைத் திறந்தாய்: "எக்ஸ் போட்டவன் தெரியாதவன் மக்கா. நீ தெரிஞ்சவளாக்கும்." அதோடு சரி. பிறகு போன் செய்தால் எடுப்பாய், "சுகந்தானா" என்பாய், இதைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டாய். உன் மேலும் எனக்குக் கோபம்தான். நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாமே? மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டாய். நான் யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது?

இப்போது வேறொரு ஆஸ்பத்திரி, வேறொரு செயலி, அதே மேனேஜர். இந்த முறை எக்ஸ் இல்லை. பட்டன் ஒன்று, பட்டன் இரண்டு என்று எண் போட்டிருக்கிறார்கள். பெரிய புத்திசாலிகள்! ஒப்புதல் தர மாட்டேன் என்றேன். "ஸ்கிரிப்ட் பாஸ் ஆயிட்டுல்லா, பின்ன என்ன?" என்றார். அவருடைய மானிட்டரை அணைத்தேன். ஹெட்போனைக் கையில் கொடுத்தேன். "டாக்டருக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்க சார், பாப்போம்."

பட்டன் நாலு, பட்டன் ஐந்து என்று குரல் சொல்லச் சொல்ல அவர் தட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து நிமிஷம் போயிருக்கும். வியர்த்துவிட்டது. "ஸ்கிரீனைப் போடும்மா" என்றார்.

"போட மாட்டேன்" என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி.

வெளியீடு நின்றுவிட்டது. உட்கார்ந்து ஒவ்வொரு பட்டனுக்கும் ஒழுங்காகப் பெயர் எழுதுகிறார்கள். ஆளாளுக்கு வந்து சபாஷ் என்கிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு வயிறு எரிகிறது. எவ்வளவு சின்ன வேலை! ஒரு சுவிட்ச், இரண்டு வார்த்தை. நீ உயிரோடு என் பக்கத்தில் இருந்த அன்று என் வாய்க்கு என்ன கேடு வந்திருந்தது?