அறுபது பாகையில் அகப்பட்ட கோபுரம்

ஓதையாற்றின் தென்கரை முழுதும் வெண்குடை நிழலில் காத்தருளும் தென்னிலை நாட்டுக் கோமகள் ஆய்நங்கையார் திருவாய்மொழிந்தருள, தலைமை அமைச்சன் மாவேலி ஆதன் எழுதுவித்த ஓலை. வடகரைக் கூர்மலை நாடாளும் வீரவல்லான் காண்க. உம் நாட்டில் மழை பொய்யாதிருக்க. உம் குடிகள் நலமே வாழ்க. உம்மை வாழ்த்த மட்டும் இவ்வோலைக்கு மனம் வரவில்லை.

நீர்விளிம்பிலிருந்து முந்நூறு கோலுக்குள் எக்கரையாரும் படைக்கோபுரம் எழுப்பலாகாது என்று உம் தந்தையாரும் எம் கோமகளின் தந்தையாரும் கல்லில் வெட்டிய உடன்படிக்கை இன்றும் நிற்கிறது. அதை மீறி மூங்கிற்காட்டு மறைவில் கோபுரம் எழுப்பி, அது முந்நூற்றுப்பத்துக் கோல் தள்ளி நிற்பதாக எம் கண்ணில் மண்ணைத் தூவினீர். உடன்படிக்கைப்படி அளக்க வந்த பூதனைச் சிறையிலிட்டு, அவன் கயிற்றை ஏழு துண்டாக்கி ஓடத்தில் திருப்பி அனுப்பினீர். இனி அளப்பவர் யார் என்று சபையில் நகைத்தீர் என்றும் கேள்வியுற்றோம்.

அளந்தவள் பூதனின் தமக்கை, எம் நில அளவைத் தலைவி கொற்றி. அத்துண்டுகளைக் கண்டு அவள் அழுதாள். அழுதபடியே அவற்றை முடிந்து, முடிச்சுகள் விழுங்கிய நீளத்தைக் கோல் வைத்துச் சரிசெய்தாள். மூங்கிலுக்குள் மறைந்த கோபுரத்தைக் குறிபார்ப்பது எப்படி என்பதே அவளுக்கு எஞ்சிய கவலை. அதையும் நீரே தீர்த்துவைத்தீர். நண்பகல் உணவுக்கு நீர் அமரும்போதெல்லாம் மூங்கிலுக்கு மேலே கோபுர உச்சியில் கொடியேற்றி முரசறையும் குலவழக்கத்தைப் பகைக்காலத்திலும் விட உமக்கு மனமில்லை.

கரை நேராக ஓடும் இடத்தில், கொடிக்கு நேரெதிரே நீரோரம் ஒரு முளை அடித்தாள். அங்கிருந்து செங்கோணமாகக் கரையோடு இருநூறு கோல் கயிறு பிடித்து மறுமுளை அடித்து, கயிற்றுக்கும் பார்வைக்கும் இடைப்பட்ட கோணத்தைப் பார்த்தாள். முதல் முளைக்கு எதிரான உம் நீர்விளிம்பு நாற்பத்தைந்து பாகையில் நின்றது. ஆகவே ஆற்றின் அகலமும் இருநூறு கோலே. கொடியோ அறுபது பாகையில் நின்றது. இருநூற்றை அக்கோணத்துக்குரிய விகிதத்தால் பெருக்க, முதல் முளையிலிருந்து அதன் தொலைவு முந்நூற்று நாற்பத்தாறு கோல். ஆற்றைக் கழித்தால் உம் கோபுரம் கரையிலிருந்து நூற்று நாற்பத்தாறே கோல். நீர் சொன்னதில் பாதிகூட இல்லை. ஐந்து நண்பகல் அளந்தாள், ஐந்திலும் அதே விடை.

முதல் முளையிலிருந்து உச்சி மூன்று பாகை உயர்ந்து தெரிந்ததால், கோபுரம் பதினெட்டுக் கோல் உயரம் என்பதையும் அறிந்தோம். அறுபது பாகைச் சாய்வில் அதை எட்ட இருபத்தொரு கோல் ஏணி போதும்.

ஆதலின் கோமகளின் ஆணை இது. இவ்வோலை கண்ட மூன்றாம் நாள் நண்பகலுக்குள் பூதன் உடலில் ஒரு கீறலுமின்றித் தென்கரை ஏறுக. கோபுரத்தின் முதற்கல் பெயர்க. மறுப்பீராயின், இருபத்தொரு கோலில் நாற்பது ஏணிகள் இழைத்து ஓடங்களில் ஏற்றியாயிற்று. முதல் ஏணியில் ஏறும் உரிமையைக் கொற்றி கேட்டாள், கோமகள் தந்தருளினார். அன்றும் தவறாமல் கொடியேற்றுக, எம்மவர் வழி தேட வேண்டியிராது.

சங்கிலச்சினை பொறித்தோம். மறுவோலை வேண்டா, பூதன் வந்து சேர்வதே மறுமொழி.