பல் விளக்கும் டம்ளரில் நீலப்பூக் கொடி

என்னங்க,

பல் விளக்குற டம்ளர்ல அழுகின இலையோட ஒரு கொடித்துண்டு நிக்குது. ஒரே நாத்தம்.

துவைக்கப் போட்ட உங்க சட்டைப் பையில கத்திரிக்கோலைப் பார்த்ததும் எல்லாம் புரிஞ்சுபோச்சு. போன வாரம் துக்கம் விசாரிக்கப் போன இடத்துல, இறந்த உங்க சிநேகிதரோட சம்சாரம் என்னைக் கட்டிக்கிட்டு அழுறாங்க. நீங்க கொல்லைப்பக்கம் போய் அவர் வளர்த்த நீலப்பூக் கொடியை நறுக்கியிருக்கீங்க. எங்கேயும் கிடைக்காத கொடின்னா சாவு வீடுகூட நர்சரி ஆயிடுமா? த்தூ!

சாப்பாடு மேசை மேல இருக்கு.

அந்தம்மா அஞ்சு மணிக்கு வர்றாங்க. அந்தக் கொடி பட்டுப்போச்சாம். யார்கிட்டயாவது ஒரு துண்டு இருக்குமான்னு கேட்டாங்க. நம்ம வீட்டுல இருக்குன்னு சொல்லிட்டேன். எப்படி வந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க. நான் வர ஏழாகும்.

தண்ணியை மாத்திட்டேன். அடியில வேர் விட்டிருக்கு, கொட்டித் தொலைச்சுடாதீங்க.