ஓடாத ஃபேனின் சத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் குறையில்லாமல் இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்க வேண்டியதில்லை, வாராவாரம் உன் குரலே வந்து சொல்லிவிடுகிறது. போன வாரம் உனக்கு மூக்கடைத்திருந்தது, அதற்கு முந்தின வாரம் நீ சரியாகத் தூங்கவில்லை. ஆவி பிடி. அப்பா உன் பாட்காஸ்டைத் தன் பல் மருத்துவமனையில் ஓடவிடுகிறார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்து வைத்திருப்பவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது, அதனால் உனக்கு அங்கே நல்ல வரவேற்பு. அதிலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் வைக்கிறார். ஏன் என்று கேட்டால், "நம்ம பொண்ணு பேசறது நல்லாதான் இருக்கு, கூட ஒருத்தர் சிரிக்கிறாரே, அது சீக்கிரம் முடியட்டும்னுதான்" என்கிறார். உங்கள் சிரிப்புக்காரரைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இறந்தவர்களைப் பற்றிய எபிசோடிலும் அவர் வாய்விட்டுச் சிரித்ததாக உன் சித்தி சொன்னாள், நான் நம்பினேன்.

தொலைபேசியில் பேசினால் நான் குரலை உயர்த்துவேன், நீ "மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். மெத்தைத் தொழிற்சாலை எபிசோட் பற்றித்தான். வீட்டுச் சாமான்கள் எங்கிருந்து வருகின்றன என்று தொடர் செய்கிறோம், நான் வேலை செய்யும் வானொலி நிலையத்தில் இரண்டு நிமிடச் செய்தியாகப் போன அந்தப் பதிவை முழுசாகத் தா என்று நீ கேட்டாய். நானும் பெருமையோடு அனுப்பினேன். என்ன அனுப்பினேன் என்று ஒரு தடவை நினைத்துப் பார். பஞ்சு அடைக்கும் கூடத்தில் மேலாளர் பேசியது இருந்தது. தூசியை வெளியே இழுக்கும் பெரிய ஃபேன்கள் நாள் முழுக்க ஓடுகின்றன என்று அவர் சொன்னார். அங்கே வேலை செய்யும் கட்டைக்குரல் அக்கா பேசியது இருந்தது. அந்த ஃபேன்கள் நின்று மாதக் கணக்காகிறது, புகார் கொடுத்தும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை என்று அவர் சொன்னார். அந்தக் குரல் பிறவிக் குரல் இல்லை, பஞ்சு கொடுத்த குரல். மூன்றாவதாக, நான் எங்கே போனாலும் கடைசியில் எடுக்கும் ஒரு நிமிடம். யாரும் பேசாமல், அந்த அறை மட்டும் இருக்கும் சத்தம். பேச்சை வெட்டி ஒட்டிய இடங்களில் அடியில் விரிப்பதற்கு. கல்லூரி முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்த நிமிடத்தை நான் எடுக்காமல் வந்ததில்லை. பள்ளி விடுமுறையில் நீ நிலையத்தில் என் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அதைப் பார்த்தே வளர்ந்தவள். பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைகிற வரைக்கும் இருமலை அடக்கிக்கொண்டு முகம் சிவந்து கிடப்பாய். அந்தப் பெண்தான் இன்று பத்திரிகையாளர், ஆயிரக்கணக்கான பேர் கேட்கிறார்கள், விருது வாங்கிய படம் உன் அத்தை வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அந்த ஒரு நிமிடத்தில் ஃபேன் சத்தம் இல்லை. தூரத்தில் தையல் இயந்திரம் ஒன்று, பிறகு இருமல். இங்கொன்று, அங்கொன்று. அவ்வளவுதான். உங்கள் ஒலி வடிவமைப்பாளர் அதைக் கேட்டிருக்கிறார், ஐயோ பாவம், கூடம் வெறிச்சென்று இருக்கிறதே என்று மனம் இளகியிருக்கிறது. தூக்கிப் போட்டுவிட்டு, 'தொழிற்சாலை' என்று தட்டினால் கிடைக்கும் ரெடிமேட் சத்தம் ஒன்றை எடுத்து எபிசோட் முழுக்க விரித்துவிட்டார். நல்ல உயர்தரமான ஃபேன் சத்தம். ஹெட்ஃபோனில் கேட்டால் தலைமுடியே பறக்கும் போலிருக்கிறது. அந்தக் காற்றுக்கு நடுவில் மேலாளர் ஃபேன் ஓடுகிறது என்கிறார், அது ஓடுகிறது. அதே காற்றுக்கு நடுவில் அக்கா ஃபேன் ஓடவில்லை என்கிறார், அப்போதும் ஓடுகிறது. பொய் சொன்ன ஆளுக்குச் சாட்சியும் உண்மை சொன்ன பெண்ணுக்குப் பொய்க்காரி பட்டமும் ஒரே சத்தத்தில் கொடுத்துவிட்டீர்கள். இதற்குக் கடைசியில் பெயர் பட்டியல் வேறு வாசிக்கிறீர்கள், ஒலி அழகு இன்னார் என்று.

நான் குறுஞ்செய்தி அனுப்பியதற்கு நீ எழுதிய பதில் எனக்கு மனப்பாடம். கேட்பவர்கள் தொழிற்சாலைக்குள்ளேயே நிற்பது போல உணர வேண்டும், அதற்காகத்தானாம். தொழிற்சாலைக்குள்ளேயே நின்ற எனக்குக் கிடைக்காத உணர்வு அது. மேசையில் காபியை வைத்துக்கொண்டு கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது, சந்தோஷம். எபிசோடுக்குக் கீழே விளக்கக் குறிப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம் என்றும் சொன்னாய். காதில் ஊற்றிய பொய்யை யாரும் படிக்காத பொடி எழுத்தில் துடைப்பதா? உன் அப்பா கூட ரத்தம் வந்த பல்லுக்குத்தான் பஞ்சு வைப்பார், பக்கத்துப் பல்லுக்கு வைக்க மாட்டார்.

உனக்குத் தெரியாத செய்தி இனிமேல்தான். அக்காவின் புகாரை விசாரிக்க ஆய்வாளர் ஒருவழியாக வந்திருக்கிறார். மேலாளர் அவரைக் குளிரூட்டிய அறையில் உட்கார வைத்து உன் எபிசோடைப் போட்டுக் காட்டியிருக்கிறார். "சார், நாங்க சொன்னா நம்ப மாட்டீங்க, எங்கேயோ இருக்கிற பத்திரிகைக்காரங்களே ரெக்கார்ட் பண்ணிப் போட்டிருக்காங்க, ஃபேன் சத்தத்தை நீங்களே கேளுங்க" என்றாராம். ஆய்வாளர் கூடத்துக்குள் காலே வைக்காமல் கிளம்பிவிட்டார். மாதக் கடைசியில் புகாரை முடித்துவிடுவார்களாம். அக்கா என்னைத் தேடி நிலையத்துக்கே வந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். வாசலில் நின்றபடியே, "ஏம்மா, எங்க தலைக்கு மேல ஓடாத ஃபேன் உங்க பொண்ணு நிகழ்ச்சியில ஓடுதே, எந்தக் கடையில வாங்கினாங்க? சொன்னா நாங்களும் ஒண்ணு வாங்கி மாட்டிக்குவோம்" என்றார். பக்கத்தில் இருந்த காவலாளி சிரித்தார். நானும் சிரிக்க வேண்டியதாயிற்று. அக்கா மட்டும் சிரிக்க ஆரம்பித்து இருமலில் முடித்தார்.

உன் தொழிலை மட்டம் தட்டிவிட்டு என் தொழிலைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன் என்று நினைக்காதே. மறுநாள் மதிய நிகழ்ச்சியில் அந்த ஒரு நிமிடத்தை அப்படியே போட்டேன். இதுதான் அந்தக் கூடத்தின் சத்தம், கேளுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். ஒரு இருமல் போனதா இல்லையா, ஜோடிப் பாட்டு ஒன்று குதித்து வந்துவிட்டது. எங்கள் நிலையத்தில் ஒரு இயந்திரம் இருக்கிறது. சத்தம் அடங்கினால் நிலையம் செத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு தானாகவே பாட்டுப் போட்டுவிடும். பொறியாளரிடம் ஓடினேன். "என்ன மேடம் பண்ணச் சொல்றீங்க, அவ்வளவு தூரத்துல இருமினா அதுக்குச் சத்தம்னே தெரியாது. அதை நிறுத்தணும்னா பெரியவர் கையெழுத்து வேணும்" என்றார். பெரியவர் என்றால் எங்கள் நிலைய இயக்குநர். அவர் கையெழுத்துப் போடவில்லை, ஆனால் பாட்டு நல்ல தேர்வு என்று பாராட்டினார். நேயர்கள் சிலர் அதே பாட்டை மறுபடி கேட்டுக் கூப்பிட்டார்களாம். இத்தனை வருடம் மைக்கைச் சுமந்ததற்கு எனக்குக் கிடைத்த மரியாதை இது.

ஆகவே உன்னிடம்தான் வர வேண்டியிருக்கிறது. சொல்லவே வாய் கசக்கிறது, ஆனாலும் உன்னிடம் அந்த இயந்திரம் இல்லை. உன் நிகழ்ச்சியில் ஒரு நிமிடம் சும்மா இருந்தால் யாரும் குறுக்கே பாட்டுப் போட மாட்டார்கள், சிரிப்புக்காரரை வெளியே அனுப்பிவிட்டால் போதும். மாதக் கடைசிக்குள் அந்த எபிசோடின் தொடக்கத்திலேயே உன் குரலில் சொல், நாங்கள் போட்ட ஃபேன் சத்தம் பொய், இதுதான் உண்மை என்று. பிறகு அந்த நிமிடத்தைப் போடு. அடியில் ஒன்றும் விரிக்காதே, மேலே ஒன்றும் பூசாதே. உங்கள் ஆட்கள் கேட்பவர்கள் ஓடிவிடுவார்கள் என்பார்கள். ஓடட்டும், கூடத்தில் இருப்பவர்களால் ஓட முடியவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தால் சொல், உன் அறை இங்கே அப்படியே இருக்கிறது, அப்பாவின் பழைய நாற்காலியைத்தான் போட்டு வைத்திருக்கிறோம், எடுத்துவிடலாம். ஆனால் நீ பயப்படுகிறவள் இல்லை, சோம்பல் மட்டும்தான் உனக்கு, அது அப்பா வழி.

நேரத்துக்குச் சாப்பிடு, ஹெட்ஃபோனோடு தூங்காதே. நீ எங்கே இருந்தாலும் உன் காது கூர்மையாகவும் உன் வாக்கு சுத்தமாகவும் இருக்க வேண்டும், அதுதான் எங்கள் இரண்டு பேருடைய ஆசியும். பதிவை இத்துடன் மறுபடி அனுப்புகிறேன். இன்னொன்று, மறந்துவிடாதே. அந்த நிமிடத்தின் கடைசியில் மைக்குக்கு மிக அருகில் ஒரு இருமல் கேட்கும். அது நான்தான், எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன். அதையும் வெட்டாதே.

அன்புடன்,
உன் அம்மா