நாலு குடிக்கு நாலு விலாசம்

யூன் 12, வியாழன்

கச்சான் காற்று. காலை எட்டு மணிக்கே வளவு மணலில் அப்பளம் பொரிக்கலாம்.

இந்தக் கொப்பியின் மேல் வலது கையை வைத்துச் சொல்கிறேன்: இனி எழுதப்போகும் கதையை ஈரேழு உலகத்திலும் ஒருத்தர்கூட நம்பப்போவதில்லை. நம்பவேண்டிய அவசியமும் இல்லை. எனக்காக எழுதுவது.

இன்றைய வேலை: கோயில் இணையத்தளம் வீடு மாறியது. பழைய சேர்வருக்கு நேரடி ஒளிபரப்பு தாங்காது. போன வருடம் பாதியில் மூச்சு வாங்கிப் படுத்துவிட்டது. புதிய சேர்வரில் எல்லாம் ஏற்றியாயிற்று. செய்து முடித்தவர்: டெலிபோன் கந்தோரில் முப்பது வருடம் கம்பி இழுத்து இளைப்பாறியவரும், கோயிலின் இணைய மகாமந்திரியுமாகிய அடியேன். மாலை மரியாதை ஒன்றும் நடக்கவில்லை.

இனித் திசை சொல்லும் வேலை. உலகத்தில் எவர் எங்கள் கோயிலின் பெயரைத் தட்டினாலும், "இந்தக் கோயில் எந்தச் சேர்வரில் இருக்கு?" என்ற கேள்வி, நேம் சேர்வர் நான்கில் ஏதோ ஒன்றுக்குப் போகும். அது சொல்லும் விலாசத்துக்கு ஆள் போவார். ஆகவே நாலும் ஒரே விலாசத்தைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஒன்றில் எழுதினால் மற்றவை பார்த்து எழுதிக்கொள்ளும். எங்களுக்கு அது ஒத்துவராது. எட்டு வருடத்துக்கு முதல் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்மார் கூட்டத்தில், தாய்வழியில் வரும் நாலு குடியும் எழும்பி நின்றது. திருவிழா குடிக்கு ஒன்று. அப்படியென்றால் நேம் சேர்வரும் குடிக்கு ஒன்று. ஒரு குடி எழுதியதை இன்னொரு குடி பார்த்து எழுதுவது மானக்கேடு. நாலு பூட்டு, நாலு திறப்பு, நாலு ஆள். அன்றைக்குக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன்.

முதலாம் குடி: நான். மாற்றியாயிற்று.
இரண்டாம் குடி: களப்புக்கு அக்கரை, படுவான்கரையில் வயலும் நெல் மில்லும் வைத்திருக்கும் போடியார்.
மூன்றாம் குடி: ரொறன்ரோவில் ஒரு தம்பி.
நாலாம் குடி: மச்சான். என் மனைவியின் தமையன். அடுத்த ஒழுங்கை.

பின்னேரம் சுவிஸிலிருந்து அக்கா. கிழமைக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரி. இனி ஊர்ப் பயணம் இல்லை என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். வாற புதன் எங்கள் குடித் திருவிழா. அதை நேரில் பார்க்கிற மாதிரிப் பார்க்க வேண்டுமாம். போன முறை சாமி வெளிவீதி வரும்போது படம் நின்று போனதாம். சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். களப்பையும் சேர்த்துத் தூக்கி உன் கட்டிலடியில் வைக்கிறேன் என்றும் சொன்னேன். சிரித்தா. இருமினா.

யூன் 13, வெள்ளி

காலையில் ரொறன்ரோத் தம்பி கிடைத்தான். அங்கே முதல் நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். ஒரு கையில் பிட்டு, மறு கையில் மாற்றம். ஐந்து நிமிடம். மாற்றியது போதாதென்று அதைப் படம் பிடித்துக் கோயில் வாட்ஸ்அப்பில் போட்டான். "மூன்றாம் குடி தன் கடமையை நிறைவேற்றியது."

அங்கே விழுந்தது இடி.

பத்து நிமிடத்தில் போடியாரின் அழைப்பு. சுகம் விசாரிப்பு இல்லை. கோயிலில் மரியாதை வெற்றிலை வைத்த வட்டா முதலாம் குடியிலிருந்து நேரே மூன்றாம் குடிக்குப் போனதை எந்தக் காலத்தில் கண்டீர்கள் என்று கேட்டார். இது வெற்றிலை இல்லை, போடியார், விலாசம் என்றேன்.

"கோயில்ட பேரில நடக்கிற வேலை தானே? ரெண்டாம் குடியில நான் ஒருத்தன் உயிரோட இருக்கிறன் தானே?"

இரண்டுக்கும் ஓம் என்றுதான் சொல்லக் கிடந்தது. நேற்றே அவருக்கு எடுத்திருக்கலாம். ரொறன்ரோவின் நேரத்தைப் பார்த்தேனே தவிர குடியின் வரிசையைப் பார்க்கவில்லை. அறுபத்தாறு வயதுக் கழுதை.

மச்சானுக்கு எடுத்தேன். "ரெண்டு அசையாம நாலு அசையாது" என்றார். வைத்துவிட்டார்.

நிலவரம்: இரண்டு புதுசு, இரண்டு பழசு. எங்கள் வீட்டு வைஃபையில் புதுத் தளம். மனைவியின் போனில் பழசு. பழசைத் திறந்ததும் போன வருடத் திருவிழாப் படம் தானாக ஓடுகிறது. மேலே சிவப்பு எழுத்தில் "நேரலை" என்று வேறு. பழைய சேர்வரை உள்ளே போய் அழிக்கலாமே என்று பார்த்தேன். அதை வாடகைக்குத் தந்தவர் என் கணக்கை மூடிவிட்டு, தளத்தை மட்டும் மாத முடிவு வரைக்கும் புண்ணியத்துக்கு விட்டுவைத்திருக்கிறார்.

இன்னும் வாங்க வேண்டியவை: கற்பூரம், கமராவுக்கு நீள வயர், இஞ்சி.

யூன் 14, சனி

காற்று இன்னும் கூட. முருங்கைக் கொப்பு ஒன்று முறிந்து கிணற்றுக்குள்.

மனைவி மீன் கழுவிக்கொண்டே, தலை நிமிராமல்:

"திருத்தி என்ன செய்யப்போறீங்க? மச்சாள் பாத்தா முதல்ல குடையைத் தானே பாப்பா."

மச்சாள் என்றது அக்காவை. கையிலிருந்த தேத்தண்ணி ஆறியது. நான் அதை எழுதாமல் இரண்டு நாள் தப்பித் திரிந்தேன். இப்போது எழுதுகிறேன்.

எங்கள் குடித் திருவிழாவில் சாமிக்குக் குடை பிடிப்பது அண்ணன். இருபத்திரண்டு வருடம். மாசியில் போய்விட்டார். நெஞ்சு. அந்தக் கிழமை அக்கா அங்கே அவசரப் பிரிவில். இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்சம் தேறட்டும், மறுகா சொல்லுவம் என்று குடும்பமாய்க் கூடி முடிவெடுத்தோம். அந்த மறுகா இன்னும் வரவில்லை. அண்ணனின் போன் களப்பில் விழுந்தது என்றேன். புதுப் போனின் சத்தம் கேட்கவில்லை, காது மந்தம் என்றேன். காதுக்குள் வண்டு போய்க் குடும்பம் நடத்துகிறது என்றுகூடச் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தா. பொய்யில் என்னை வெல்ல இந்த மாகாணத்தில் ஆளில்லை.

"கதிர்காமத்துக்கு நடந்து போயிற்றார் எண்டு சொல்லுங்க" என்றா மனைவி. குடித் திருவிழாவை விட்டுப்போட்டு அண்ணன் கதிர்காமம் போவாரா? முருகன் வாசலில் வந்து நின்று கூப்பிட்டாலும், புதன் கழியட்டும் என்பார். அக்காவுக்கு அது தெரியும்.

இந்த வருடம் குடை என் கையில்.

திருத்தினால் அக்கா காண்பா. திருத்தாவிட்டால் அக்கா கேட்ட ஒன்றே ஒன்றும் இல்லை. மீன் குழம்பு நன்றாக இருந்தது. இரண்டு கவளம்.

யூன் 15, ஞாயிறு

வெற்றிலை, பாக்கு, வட்டா சகிதம் படுவான்கரைப் பயணம். பாதையில், அதாவது ஆளும் மோட்டார்சைக்கிளும் ஏறும் அந்த மிதக்கும் தட்டில், களப்பைக் கடந்தேன். நடுக் களப்பில் ஒரு முதலை. நீளம் சுமார் ஒரு லொறி. வட்டாவைக் கண்டு மரியாதையாக ஒதுங்கியது. போடியார் அந்த அளவுக்கு ஒதுங்கவில்லை. முதலில் அரை மணித்தியாலம் மில்லில் நெல் தூற்றுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுகா துண்டை இடுப்பில் கட்டி இரண்டு கையாலும் வட்டாவை வாங்கினார். தயிர் வந்தது. தேன் வந்தது. மனம் குளிர்ந்தது.

மில் கந்தோரில் கம்பியூட்டரைத் திறந்தோம். பாஸ்வேட் இல்லை. எழுதிவைக்கவில்லையாம், ஞாபகத்தில் வைத்திருந்தாராம். ஞாபகம் போன கார்த்திகை வெள்ளத்தோடு போயிற்றாம்.

புது பாஸ்வேட் கேட்டால் அது கோயிலின் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் வரும். அந்த மின்னஞ்சலும் வழி தெரியாமல் அதே நாலு பேரிடம்தான் கேட்கும். பழசு சொன்னால் பழைய பெட்டிக்குப் போகும். பழைய பெட்டியை வியாழனன்று என் பொற்கையாலேயே மூடினேன். மூன்று தரம் அனுப்பச் சொன்னோம். மூன்றும் அங்கேயே போயிருக்க வேண்டும்.

"உங்கட தபாலும் உங்களப் போலத்தான்கா. கரையில நிண்டு எந்தப் பக்கம் போற எண்டு முழிக்கிது."

போடியாரின் பகிடிக்குச் சிரித்தேன். திரும்பும்போது முதலையும் இல்லை.

யூன் 16, திங்கள்

வெற்றி. ஐந்தாம் தரம் அனுப்பியது புதுப் பெட்டியில் விழுந்தது. போடியார் நல்ல நேரம் பார்த்து, பதினொன்று பத்துக்கு மாற்றினார். வாட்ஸ்அப்பில் படம். மூன்று புதுசு, ஒன்று பழசு.

ஓடினேன் மச்சான் வீட்டுக்கு. மச்சான் தன் போனில் கோயிலைத் திறந்தார். பழசு.

"போடியார் மாத்தல்ல."

மாற்றிவிட்டார், மச்சான், ஒருதரம் கேட்ட விலாசத்தை இரண்டு நாளைக்கு ஞாபகம் வைத்திரு என்று ஒரு கணக்கு உள்ளே இருக்கிறது, உங்கள் போனுக்குப் பதில் சொல்கிறவன் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருக்கிறான் என்று விளங்கப்படுத்தினேன். அந்தக் கணக்கை வைத்தது யார் என்று கேட்டார். நான்தான். எட்டு வருடத்துக்கு முதல், வேலை குறையட்டும் என்று. நாலு இடத்திலும் அதே கணக்கு. வீடு மாறுமுன் குறைத்திருக்க வேண்டும். மறந்தேன்.

"என்ட போன் எனக்கு விசுவாசமா இருக்கு, மச்சான். உங்களத்தான் நம்ப ஒண்ணா."

ரெண்டு அசைந்ததைத் தன் கண்ணால் கண்டால் நாலு அசையுமாம். தேத்தண்ணி தந்தார். சீனி போடவில்லை.

யூன் 17, செவ்வாய்

மச்சானின் போன் இன்னும் பழசு. என் நெஞ்சு அதைவிடப் பழசு.

பட்டியலிலிருந்து நாலாவதையே எடுத்துவிட்டால் என்ன என்று யோசித்தேன். அதற்கு நாலு குடியும் கையெழுத்து வைக்க வேண்டும். வாய்விட்டுச் சொன்னது பிழை. மனைவியும் நாலாம் குடி.

"எங்கட குடியை வெட்டி எறியப்போறீங்களா? எங்கட வீட்டில இருந்துகொண்டு?"

வீடு அவட தாய் வழி. உண்மை. மத்தியானம் சோறும் வெறும் பருப்பும். சம்பல் இல்லை.

பின்னேரம் அக்கா. குரல் மெல்லிசு. மகன் கட்டிலுக்கு நேரே பெரிய ரீவி பூட்டித் தந்திருக்கிறானாம். காலையில் கோயிலைத் திறந்து சரி பார்த்தானாம், தேரும் சனமும் வந்ததாம். வந்தது போன வருடம். அப்படியென்றால் அந்த ரீவி வியாழன் வரைக்கும் போன வருடத்தைத்தான் காட்டும்.

நாலு கிலோமீற்றர் கம்பியை ஒற்றைக் கையால் தோளில் இழுத்தவன் நான். இப்போது ஒரு இலக்கத்தை மாற்ற முடியவில்லை. அக்காவிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் ஒரு ஆறுதலும் வந்தது. அதை எழுதவே வெட்கம்.

யூன் 18, புதன்

திருவிழா. கமரா தேர்முட்டிப் பக்கம். வயர் போதும். சனம் கடல். பெண்களின் குரவைச் சத்தம் எங்கள் எழுவான்கரையில் எழும்பிப் படுவான்கரையில் மாடுகளைக் கலைத்திருக்கும்.

குடை பாரம். அண்ணன் இதை ஒரு முருங்கைக் கொப்பு மாதிரிப் பிடித்தாரே. இரண்டாம் வீதியில் தோள் விட்டது. கமரா பக்கம் பார்க்கவில்லை.

மேளத்துக்குப் பக்கத்தில் மச்சான் போனை உயர்த்திக் காட்டினார். அதில் நான், குடையோடு. "வந்திட்டு, மச்சான். நாளைக்கு மாத்துவன்." முகமெல்லாம் பல்.

அக்காவின் அழைப்பு இல்லை.

யூன் 19, வியாழன்

காற்று அடங்கிவிட்டது. தோளுக்கு எண்ணெய்.

மச்சான் காலை ஒன்பதுக்கு மாற்றிவிட்டார். நாலும் ஒரே விலாசம். எட்டு வருடத்தில் நாலு குடியும் ஒரே சொல் சொன்ன முதல் நாள். கூட்டம் வைத்துக் கொண்டாட வேண்டும் என்கிறார் போடியார்.

பத்தரைக்கு அக்கா. நேற்று ஆஸ்பத்திரியால் வந்து களைப்பாம், அதுதான் எடுக்கவில்லையாம். திருவிழா பார்த்தாவாம். ரீவியில் சத்தம் குறைவாய் இருந்ததாம், அதனால் மடியில் போனிலும் திறந்தாவாம். பாயசம் வைத்ததா என்று கேட்டா. குரவை நன்றாகக் கேட்டதாம். மறுகா:

"ரீவியில அண்ணன் குடை பிடிச்சிக்கு வாறார். போனில நீ பிடிச்சிக்கு வாறாய். ரெண்டும் ஒரே நேரத்தில. இதில எது மனே இந்த வருசம்?"

பொய்கள் தயாராய் இருந்தன. அண்ணனுக்குத் தோள் நோ. அண்ணன் என்னை ஒரு சுற்று பிடிக்கவிட்டார். ரீவியில் வந்ததுதான் இந்த வருடம், போனில் வந்தது ஒத்திகை. எல்லாம் வாய்க்குள் வரிசையில் நின்றன, குடிக்கு ஒன்றாக.

"போனில வந்தது, அக்கா."

இந்தக் கொப்பியில் உள்ளதில் முக்கால்வாசி என் வாய்க்கொழுப்பு. முதலை ஒரு லொறி நீளம் இல்லை. முதலையே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்கா ஒன்றும் பேசாமல், போனையும் வைக்காமல் இருந்தது ஆறு நிமிடம். போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது, பார்த்தேன். அது மட்டும் நான் கூட்டி எழுதியதில்லை.