ஆலைத் திருப்பத்துக் காவல்

மார்ல்பி, 9 ஆகஸ்ட் 1940

அன்புள்ள கிளிஃபர்டுக்கு,

ஹெட்லி மாமா எழுதுவது. பட்டாளம் மூலம் தகவல் வந்திருக்கும். என் கையாலும் எழுதாவிட்டால் நான் மனிதனில்லை.

ஞாயிறு சாயங்காலம் ஊர்க்காவல் படைக்காக ஆலைத் திருப்பத்தில் நின்றேன். பாராசூட்டில் ஜெர்மன்காரன் இறங்கிவிட்டான் என்று காலையிலிருந்து ஊரெல்லாம் பேச்சு. தூறலில் யாரோ சைக்கிளில் வந்தார். நிற்கவில்லை. சுட்டேன்.

உன் அப்பா. பால் கறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

என் மடியில்தான் ஆமோஸ் போனார். "என்னடா ஹெட்லி, நீயா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

ஹெட்லி பாஸ்க்

எகிப்து, 2 அக்டோபர் 1940

அன்புள்ள மாமா,

விசாரணை முடிவை எனக்கும் அனுப்பினார்கள். மூன்று முறை "நில்" என்று நீங்கள் கத்தியதாகக் கேப்டன் லாவெரிக், உங்கள் படைத் தலைவர், சாட்சி சொல்லியிருக்கிறார். அப்பாவின் காதுதான் நமக்குத் தெரியுமே. ரேடியோவை அலறவிட்டு, "ஏன்டா இது முணுமுணுக்குது?" என்பார். யாரை நோவது?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அம்மாவும் இல்லை. இனி எனக்கு நீங்கள்தான்.

அன்புடன்,
கிளிஃபர்டு

மார்ல்பி, 1 டிசம்பர் 1940

கிளிஃபர்டு,

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் நிம்மதியாகத் தூங்கினேன். அது திருட்டுத் தூக்கம்.

நான் கத்தவில்லை. ஒரு முறைகூட இல்லை. பயத்தில் நாக்கு எழவில்லை, விரல்தான் எழுந்தது. சுட்ட பிறகுதான் "நில்" என்றேன். லாவெரிக் அங்கே இல்லவே இல்லை. படையின் பேர் கெடக் கூடாதென்று அவர் சொல்லிக்கொடுத்ததை நானும் ஒப்பித்தேன்.

நேற்று அவரிடம் போய், உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "முடிஞ்சுபோன விஷயம், ஹெட்லி. ஆமோஸைப் புதைச்சாச்சு. ஊர் மானத்தையும் சேத்துப் புதைக்காதே" என்றார்.

உன்னிடமாவது சொல்லிவிட்டேன்.

ஹெட்லி

மார்ல்பி, 18 மே 1941

கிளிஃபர்டு,

உன் பதில் வராமலே நான் எழுதும் நான்காவது கடிதம் இது. தபால் ஆபீஸ் மிஸ் டன்னெட்டிடம் தினமும் கேட்கிறேன். நேற்று அவள் சொல்லிவிட்டாள்: "அந்தப் புள்ள நல்லாத்தான் இருக்கான். அவங்க அப்பா கூடப் பொறந்த அத்தைக்கு மாசம் தவறாம எழுதுறான். நீங்க வீணா நடக்காதீங்க."

நீ உயிரோடு இருக்கிறாய். அது போதும் என்று சொல்லிப் பார்த்தேன். போதவில்லை.

துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆள் போதவில்லையென்று மறுபடி என் தோளிலேயே மாட்டிவிட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஆலைத் திருப்பம் எனக்கு. யார் வந்தாலும் தூரத்திலிருந்தே, "ஹெட்லி, நான்தான்! நான்தான்!" என்று கத்திக்கொண்டு வருகிறார்கள். குழந்தைகள்கூட.

இனி எழுத மாட்டேன்.

ஹெட்லி பாஸ்க்