எட்டாவது கிலோமீட்டர்

03.08.2025, ஞாயிறு

மாமாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து நேற்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குத் தனியாகத் திரும்பினேன். மனைவி வல்லி வரவில்லை, அப்பா வீட்டிலேயே இருந்துவிட்டாள். "ஆடி முடியட்டும் அத்தான். ஆவணி நாலாந்தேதி, புதன்கிழமை வந்து அக்காவக் கூட்டிட்டுப் போங்க" என்று மச்சினன் ஜெயபாண்டி சொன்னான். போலீஸ்காரன். எதையும் தேதி போட்டுத்தான் பேசுவான். வல்லி அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை. இந்தப் பதினாறு நாளில் என்னிடம் மூன்று வார்த்தை பேசியிருப்பாள். மூன்றும் சாப்பாட்டைப் பற்றி.

வண்டி வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ஏழு பேர் போகும் டீசல் வண்டி, பதினேழு வருஷப் பழசு. இந்தச் சின்னக் காம்பவுண்டுக்குள் அது நின்றால் வீட்டுக்குள் ஒருக்களித்துத்தான் நுழைய முடியும். நேற்று வரும்போதும் வழியில் நின்று, இருபது நிமிஷம் கழித்துத் தானாகக் கிளம்பியது. ஜூன் மாதத்திலிருந்தே இந்தக் கூத்து.

ஜூலை பதினேழாம் தேதி சாயங்காலம் மாமாவுக்கு நெஞ்சுவலி என்று போன் வந்தது. ஐந்து இருபதுக்கு நானும் வல்லியும் கிளம்பினோம். எட்டாவது கிலோமீட்டரில் வண்டி இழுக்காமல் திணறி நின்றுவிட்டது. நாற்பது நிமிஷம் போராடினேன். அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. தெருமுனை திரும்பும்போதே அழுகைச் சத்தம். மாமா போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. "வல்லி வந்துட்டாளா" என்று இரண்டு தடவை கேட்டாராம்.

அதற்கு முந்தின வாரம்தான் மெக்கானிக் கருத்தையா புது டீசல் பம்பு போட்டுக் கொடுத்திருந்தார். துஷ்டி கேட்க வந்த எல்லாரிடமும் அதைச் சொன்னேன். மூன்றாம் நாள் ஜெயபாண்டி அவர் கடை முன்னால் போய் நின்று தெருவே கேட்க ஏசிவிட்டு வந்தான்.

பழுது இன்னதுதான் என்று கையில் எடுத்துக் காட்டிவிட்டால் வல்லி என்னோடு பேசுவாள். பதினேழு நாள் இருக்கிறது.

05.08, செவ்வாய்

டீசல் பில்டரை மாற்றினேன். ஹேண்ட் பம்பை அடித்து டீசல் குழாயில் அடைத்த காற்றை எடுத்தேன். வீட்டு வாசலில் அரை மணி நேரம் ஓட விட்டேன், நிற்கவில்லை. வாசலில் எப்போதும் நிற்காது. அது யோக்கியன் மாதிரி நடிக்கிறது.

07.08, வியாழன்

போன் செய்தேன். அத்தைதான் எடுத்தார். "அவ குளிக்கா மாப்பிள்ளை." காலையிலும் குளித்தாள், மத்தியானமும் குளித்தாள், சாயங்காலமும் குளித்தாள்.

10.08, ஞாயிறு

டீசல் வரும் ரப்பர் ஓஸ் எல்லாம் புதிதாகப் போட்டேன். டேங்க் மூடியில் காற்றுப் போகும் துவாரம் அடைத்திருந்தாலும் இப்படி நிற்கும் என்று எங்கேயோ கேள்விப்பட்டதால், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்த்தேன். சேத்தூர் ரோட்டில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் ஓட்டிப் பார்க்க மனசு வரவில்லை.

எட்டு கிலோமீட்டர். அதே இடத்தில் வந்து நின்றது போல நின்றது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெயில். முன் கதவுக் கண்ணாடி பாதி இறங்கி மாட்டிக்கொண்டது. பைக்கில் போன நாலு பேர் நிறுத்தி ஆளுக்கொரு பழுது சொல்லிவிட்டுப் போனார்கள். இருபத்திரண்டாவது நிமிஷம் சாவியைத் திருப்பினேன், கிளம்பியது.

ஓடும்போது தேடினால் பழுது இல்லை. நின்ற பிறகு தேடினால் அதற்குள் சரியாகிவிடுகிறது. நான் என்னதான் செய்ய? மூச்சு முட்டுகிறது. வீட்டுக்குள் இருந்தாலும் அப்படித்தான் இருக்கிறது. இங்கே நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி இல்லையென்றால் பாத்திரம் கழுவும் சத்தம்கூட இல்லை.

12.08, செவ்வாய்

எங்கள் பேண்டேஜ் துணி யூனிட்டில் லோடு அனுப்புகிற பொறுப்பு என்னுடையது. இன்று பேக்கிங்கில் இருக்கும் பியூலா வந்து நின்றாள். "அண்ணே, கருத்தையா எங்க தெருதான். அவிய கடையில இப்ப வண்டியே நிக்கல. சும்மாவே உக்காந்திருக்காவ."

"வேல தெரியாட்டி அப்படித்தான்" என்றேன். அவள் பேக்கிங்குக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

15.08, வெள்ளி

லீவு. ஐந்து லிட்டர் கேனில் டீசல் ஊற்றி, பானெட்டுக்குள் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். டேங்கிலிருந்து வரும் ஓஸைக் கழற்றிவிட்டு, பம்புக்கு நேராகக் கேனிலிருந்தே டீசல் போகும்படி செய்தேன். ஆபத்தான வேலைதான். யாரும் பார்த்தால் சிரிப்பார்கள்.

சேத்தூரைத் தாண்டி ஓடியது. திரும்பி வந்தேன். மறுபடி போனேன். முப்பத்தாறு கிலோமீட்டர், ஒரு திணறல் இல்லை.

அப்படியானால் பம்பு நல்ல பம்பு. கருத்தையா போட்ட வேலை நல்ல வேலை. இதை எழுதக் கை கூசுகிறது. பழுது டேங்குக்குள் இருக்கிறது.

17.08, ஞாயிறு. ஆவணி ஒன்று

டேங்கை இறக்கினேன். ஜாக்கி வைத்து, கீழே பழைய டயரைப் போட்டு, ஒண்டியாக. இடுப்புப் போய்விட்டது. மிச்ச டீசலை வாளியில் ஊற்றும்போது டேங்க் வாயில் ஏதோ வந்து அடைத்தது. கம்பியை வளைத்து இழுத்தேன்.

துணி.

நாலாக மடித்த பேண்டேஜ் துணி. டீசல் ஊறிப் பழுப்பாகிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். நடுவில் நீல நூல் ஓடுகிறது. ஆபரேஷன் துணியில் போடும் எக்ஸ்ரே நூல். வயிற்றுக்குள் மறந்து வைத்துத் தைத்துவிட்டால் படத்தில் தெரியட்டும் என்று போடுவது. இந்தத் தெருவில் இந்த நூல் போட்ட துணி வேறு எந்த வீட்டில் இருக்கும்? எங்கள் யூனிட் வேஸ்ட்தான். நான்தான் கொண்டு வருவேன். பால் வடிகட்ட, எண்ணெய் வடிகட்ட, கை துடைக்க, எல்லாத்துக்கும் எங்கள் வீட்டில் அதுதான்.

ஜூன் மாதம் ஒரு நாள் டீசல் தீர்ந்து நின்றபோது கேனில் வாங்கி வந்து ஊற்றினேன். கேன் பழசு, உள்ளே துரு. வண்டிக்கு ஆகாதே என்று டேங்க் வாயில் துணியைப் போட்டு, அதன் மேல் புனலை வைத்து அமுக்கி ஊற்றினேன். முடிந்ததும் துணியைக் காணோம். காற்று கொண்டுபோயிருக்கும் என்று நினைத்தேன். அன்றைக்குக் காற்றே இல்லை.

ஓட ஓட அந்தத் துணி உறிஞ்சு குழாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நிற்கும். நின்றதும் இழுவை போய் விலகிவிடும். கிளம்பும். அம்புட்டுத்தான்.

நாந்தான். நானேதான் போட்டேன். வண்டி நல்லாயிருக்கணும்னு போட்டேன்.

18.08, திங்கள்

ஜெயபாண்டி போன். "பழுது தெரிஞ்சுச்சா அத்தான்? அந்தாளு போட்ட பம்புதான? அக்காட்டயும் அதத்தான் சொல்லிச் சொல்லி வச்சிருக்கேன். மெக்கானிக் பண்ணதுக்கு அத்தான் என்ன செய்வாருன்னு. இப்ப அக்கா கொஞ்சம் இறங்கி வாரா. புதன்கிழமை வாங்க."

"பாத்துக்கிட்டு இருக்கேன் மாப்பிள்ளை" என்றேன்.

துணி கொல்லைப்புறத்தில் கல்லுக்கடியில் கிடக்கிறது. ஒரு தீக்குச்சி போதும். யாரும் பார்க்கவில்லை. வல்லி வந்துவிடுவாள். கருத்தையா கடையில் வண்டி நிற்காது. சொன்னால்? கருத்தையா பிழைத்துக்கொள்வார், வல்லி வர மாட்டாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

சொல்லாமல் விட்டுவிட்டு, அவள் பரிமாறுகிற சோற்றைத் தினமும் தின்ன முடியுமா என்னால்? முடியும் என்றுதான் தோன்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

19.08, செவ்வாய்

துணியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு கருத்தையா கடைக்குப் போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை. துணியை எடுத்துக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன்.

விரித்துப் பார்த்தார். முகர்ந்தார். "நாங்களும் இந்த மாதிரித் துணியிலதான் வடிகட்டுதோம். ஆனா வாயோட சேத்துக் கம்பி வச்சுக் கட்டிருவோம்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னது கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"தப்பு என்னுதுதான். மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட மட்டும் சொல்லி என்ன செய்ய? ஒங்க மச்சினன் இந்தத் தெருவுல நின்னுல்ல ஏசுனாரு. நீங்களும் தெருவுல நின்னு சொல்லுங்க. பொறவு பாப்போம்." பேப்பரை எடுத்துக்கொண்டார்.

முதலில் வல்லியிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

20.08, புதன்

டேங்க் கீழே கிடக்கிறது, வண்டி எங்கே ஓடும். பஸ்ஸில் போனேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை எனக்காகக் காய்கறி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். வல்லியின் பை வாசல் பக்கம் தயாராக இருந்தது. உட்காராமல் நின்றபடியே சொன்னேன். துணி, கேன், புனல், கருத்தையா பேரில் தப்பில்லை என்பது, எல்லாம்.

ஜெயபாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. "யூனிபாரத்தோட போயி ஒரு மனுசன ஏசிட்டு வந்திருக்கேன் அத்தான். என்ன இப்படி ஆக்கிட்டீங்க?"

வல்லி அடுப்படி நிலையில் நின்றிருந்தாள். அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"துணி என்னமும் கெடக்கட்டும். எனக்கு வண்டிக்கு என்ன நோவுன்னு தெரிய வேண்டாம். அங்க நின்ன நாப்பது நிமிசத்துல மூணு பஸ் போச்சு. நான் எண்ணிக்கிட்டுத்தான் நின்னேன். கையக் காட்டி மறிச்சு ஏத்தி விடுங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன். அஞ்சு நிமிசம் பொறு, அஞ்சு நிமிசம் பொறுன்னீங்க. நானே ஓடிப்போயி ஏறியிருக்கணும். நீங்க சொன்னீங்கன்னு நின்னேன்."

பையைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டில் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். "நாற்பது நிமிஷம் போராடினேன்" என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பக்கத்தில் பஸ் ஒன்றுகூட இல்லை. மூன்றும் என் முதுகுக்குப் பின்னால்தான் போயின. எனக்குத் தெரியும். சத்தம் கேட்டது.

21.08, வியாழன்

ஏன் மறிக்கவில்லை? மாமா வீட்டு வாசலில் வண்டியில் போய் இறங்க வேண்டும். அவள் பஸ் ஏறிவிட்டால் ரோட்டோரத்தில் ஓடாத வண்டியோடு நான் மட்டும் நிற்க வேண்டும். இவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் அகப்படவில்லை.

25.08, திங்கள்

காலையில் கருத்தையா கடை முன்னால் நின்று சொன்னேன். டீக்கடையில் எட்டுப் பத்துப் பேர், பஸ்ஸுக்கு நின்ற பெண்கள், பியூலாவும் இருந்தாள். "கருத்தையா போட்ட பம்புல குத்தமில்ல. டேங்குல துணியப் போட்டது நான். பழிய அவரு மேல போட்டதும் நான்." "நல்லாச் சத்தமாச் சொல்லுங்கண்ணே" என்றான் டீக்கடைக்காரன். இரண்டாம் தடவை சொன்னேன்.

முடிந்ததும் கருத்தையா, "டேங்கக் கொண்டாங்க, கழுவித் தாரேன்" என்றார். கடைக்குள் போய்விட்டார்.

30.08, சனி

டேங்கை மாட்டியாகிவிட்டது. ஆலங்குளம் வரை போய் வந்தேன். எங்கேயும் நிற்கவில்லை. ஒரு மாசம் முன்னால் இது நடந்திருந்தால் குதித்திருப்பேன். கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒருக்களித்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

03.09, புதன்

யூனிட்டிலிருந்து வந்தபோது கதவு திறந்திருந்தது. வல்லி. பகல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ஜெயபாண்டி வேண்டாம் என்றானாம். "அவன் சொல்லி நிக்கவும் இல்ல, சொல்லி வரவும் இல்ல" என்றாள். பை பிரிக்காமல் கட்டில் மேல் இருந்தது.

காப்பி போட்டுக் கொடுத்தாள். எதிரே உட்கார்ந்தாள். "ஒண்ணு கேக்கேன். வண்டிய இழுக்காமச் சொல்லுங்க. அன்னைக்கு நான் பஸ்ல போயிருந்தா?"

"அந்த டேங்க்..." என்று வாய் தானாக ஆரம்பித்தது. நிறுத்திக்கொண்டேன்.

"ரெண்டாவது பஸ்ல ஏறியிருந்தாக்கூட மாமாவ உசுரோட பாத்திருப்ப. நாந்தான் விடல."

அப்போதுதான் அழுதாள். மாமா இறந்த அன்றைக்குக்கூட என் முன்னால் அவள் அழவில்லை. முதுகைத் தொடலாமா என்று தெரியாமல் டம்ளரைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வெகுநேரம் அழுதாள். நானும்தான்.

05.09, வெள்ளி

வல்லி இன்று பையைப் பிரித்தாள். நாலு சேலையைப் பீரோவில் அடுக்கினாள். மிச்சத்தைப் பையிலேயே விட்டு, ஜிப்பை மூடி, கட்டிலுக்கடியில் தள்ளி வைத்தாள்.