சாய்தளம்

அன்புள்ள மகளுக்கு,

இன்று மருத்துவமனையில் சாய்தளத்தை நீ திறந்து வைத்தபோது கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தேன். "என்ன கவுன்சிலரம்மா, அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரலையா?" என்று நர்ஸ் கேட்டார். "அவருக்கு முட்டி வலி சிஸ்டர்" என்றாய். எனக்காகப் பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன்பு இதற்கான மனுவில் முதல் கையெழுத்தை என்னிடம்தான் கேட்டாய். "நல்ல வேலையை விட்டுட்டு வீடு வீடா அலையவா உன்னைப் படிக்க வெச்சேன்?" என்று விரட்டினேன். அந்த மழைக்காலத்தில் அம்மா இந்த மருத்துவமனைப் படிகளில்தான் வழுக்கி விழுந்தாள். பிறகு எழவே இல்லை. இதை நீ ஒருநாளும் சொல்லிக் காட்டவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினேன். தூறலில் தரை நனைந்திருந்தது. வழுக்கவில்லை.

அப்பா